கப்பல் டூர் போலாமா? போய்ட்டு வந்ததுல இருந்து எல்லாரும் எங்கிட்ட கேக்குற கேள்விகள்

போன மே லீவுல திருச்சியில இருந்து சிங்கப்பூர் போயி, அங்க கப்பல் ஏறி நாலு ராத்திரி பினாங்கு, புக்கெட் சுத்திட்டு வந்தோம். நான், வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேரு, அத்தை, மாமா, மொத்தம் ஆறு டிக்கெட். வந்ததுல இருந்து சொந்தக்காரங்க, ஆபீஸ் ஃபிரெண்ட்ஸ், பக்கத்து வீட்டு அக்கான்னு ஆளாளுக்கு போன் போட்டு அதே கேள்விய கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் முக்கா மணி நேரம் பேசி பேசி தொண்டை கட்டிருச்சு, அதனால மொத்தமா எழுதி வச்சுடுறேன்.

கப்பல்ல போயி என்னதான் பண்றது? நாலு நாளு போரடிக்காதா?

மாமாவும் இதத்தான் கேட்டாரு. நம்ம மனசுல கப்பல்னா ராமேஸ்வரம் போட் கொஞ்சம் பெருசா இருக்கும்னு ஒரு நெனப்பு. இது அப்படி இல்ல, பதினஞ்சு பதினாறு மாடி ஹோட்டல அப்படியே படுக்க வச்சு கடல்ல விட்ட மாதிரி. சிங்கப்பூர்ல இருந்து ஓடுற ஜென்டிங் ட்ரீம் கப்பல் மட்டுமே 335 மீட்டர் நீளம், ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல. இந்த முனையில ரூம் கெடச்சு அந்த முனையில சாப்பாட்டு ஹால் இருந்தா நடந்தே பசி வந்துரும். நீச்சல் குளம், சறுக்கு, நாடகம், மேஜிக் ஷோ, ஜிம், பசங்களுக்கு தனி கிளப், எல்லாம் உள்ளயே.

ஆனா ஒண்ணு, ஊர் பாக்கணும்ங்கறதுக்காக மட்டும் கப்பல் எடுத்தீங்கன்னா ஏமாந்துருவீங்க. ஒரு ஊர்ல ஏழெட்டு மணி நேரம்தான் நிக்கும். ஊர் பாக்க பிளைட்ல போங்க, கப்பல்ல போறது கப்பலுக்காக. இத மனசுல வச்சுக்கிட்டு ஏறுனா ஏமாற்றமே இருக்காது.

வயசானவங்கள கூட்டிட்டு போலாமா?

என்னைக் கேட்டா அவங்களுக்குத்தான் இது சரியான டூர். போன தடவ ஐரோப்பா பஸ் டூர் போனப்ப தெனம் காலையில ஆறு மணிக்கு பெட்டி கட்டு, பஸ் ஏறு, இறங்கு, மறுபடி பெட்டி பிரின்னு மாமாவுக்கு மூட்டு வலியே வந்துருச்சு. கப்பல்ல பெட்டிய ஒரு தடவ பிரிச்சா முடிஞ்சுது, ரூம் நம்மகூடவே ஊர் ஊரா வருது. பாத்ரூம் பத்தடியில, லிஃப்ட் இருக்கு, தூக்கம் வந்தா போயி படுத்துக்கலாம். வீல்சேர் வேணும்னா புக்கிங் பண்றப்பவே சொல்லிருங்க, அன்னிக்கு போயி கேட்டா டெர்மினல்ல ஏத்தி விடுறதோட சரி, கப்பலுக்குள்ள நாள் முழுக்க வச்சுக்க தரமாட்டாங்க.

அத்தை மட்டும் மொதல்ல வரவே மாட்டேன்னாங்க. "கண்ணுக்கு மண்ணு தெரியணும்டி எனக்கு"ன்னு ஒரே பிடிவாதம். எப்படி வந்தாங்கன்னு கீழ சொல்றேன்.

சென்னையில இருந்தே கப்பல் இருக்காமே, எதுக்கு சிங்கப்பூர் வரைக்கும் போகணும்?

இருந்துச்சு, சீசன்ல வரும், வருஷம் பூரா ஓடாது. 2022 ஜூன் 4ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைச்சு கார்டிலியா கம்பெனியோட எம்ப்ரஸ் கப்பல் சென்னைத் துறைமுகத்துல இருந்து கிளம்புச்சு. விசாகப்பட்டினம், புதுச்சேரின்னு ரூட் போட்டாங்க, ஆனா சூதாட்டம் இருக்குற கப்பல உள்ள விடக்கூடாதுன்னு புதுச்சேரில எதிர்ப்பு கிளம்பி அனுமதி குடுக்கல, கப்பல் நடுக்கடல்ல நின்னுட்டு போச்சு. அடுத்த வருஷம் 2023 ஜூன்ல அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைன்னு இலங்கைக்கு போச்சு. பாஸ்போர்ட் இல்லாத சொந்தக்காரங்களோட உள்நாட்டு ரூட்ல கப்பல் எப்படி இருக்கும்னு டேஸ்ட் பாக்க அது நல்லது. ஆனா அது 1990ல கட்டுன கப்பல், ஏறத்தாழ 48 ஆயிரம் டன்தான், சிங்கப்பூர் கப்பலோட பக்கத்துல வச்சா தம்பி மாதிரி தெரியும். சீசன் எப்பன்னு பாத்துட்டு புக் பண்ணுங்க.

அப்புறம் நிறைய பேரு நாகப்பட்டினம் காங்கேசன்துறை கப்பலையும் இதையும் போட்டு கொழப்பிக்கிறாங்க. அது 2023 அக்டோபர்ல ஆரம்பிச்ச ஃபெர்ரி, ஆள ஏத்தி அக்கரையில இறக்கி விடுறது. அதுல போயி நீச்சல் குளம் எங்கன்னு கேக்காதீங்க.

விசா எல்லாம் என்ன மாதிரி?

இந்திய பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா கண்டிப்பா வேணும். இதுல பல பேரு கோட்டை விடுற எடம், மல்டிபிள் என்ட்ரியான்னு பாக்காம விடுறது. கப்பல் ஏறுனா நீங்க சிங்கப்பூர விட்டு வெளிய போய்ட்டதா கணக்கு, நாலு நாள் கழிச்சு இறங்குறப்ப ரெண்டாவது தடவ உள்ள வர்றீங்க. கைக்கு விசா வந்தவொடனே அந்த வரிய படிச்சுருங்க. அப்புறம் சிங்கப்பூர் அரைவல் கார்டு, அதாவது நாட்டுக்குள்ள வர்றவங்க நிரப்புற படிவம், அது ஆன்லைன்ல இலவசம், வர்றதுக்கு மூணு நாளைக்குள்ள போடணும், கப்பல்ல இருந்து திரும்பி வர்றப்பவும் இன்னொண்ணு போடணும். இதுக்கு காசு கேக்குற வெப்சைட்டு எல்லாம் இடையில பூந்த ஆளுங்க, அரசாங்க சைட் இல்ல.

மலேசியா 2023 டிசம்பர்ல இருந்து நம்மளுக்கு 30 நாள் விசா இல்லாம விடுறாங்க, ஆனா அது கால வரையறை வச்சு நீட்டிச்சுக்கிட்டே வர்ற ஏற்பாடு. தாய்லாந்தும் அடிக்கடி ரூல மாத்துற ஊர். அதனால போன வருஷம் போனவங்க சொல்றத நம்பாம புக் பண்ற அன்னிக்கு ஒரு தடவ, கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு தடவ பாத்துருங்க. "நாங்க புக்கெட்ல இறங்கவே போறதில்ல, எதுக்கு பேப்பரு"ன்னு கவுன்டர்ல பேச முடியாது, இறங்காட்டியும் கப்பல் போற நாட்டுக்கெல்லாம் பேப்பர் கேப்பாங்க. பாஸ்போர்ட் ஆறு மாசம் உயிரோட இருக்கணும், இது சொல்லவே வேணாம்.

மொத்தம் எவ்ளோ ஆகும்?

விளம்பரத்துல போட்டுருக்கறது ஒரு ஆளுக்கு, அதுவும் ரெண்டு பேரு ஒரு ரூம்ல இருந்தாத்தான். தனியா போறவங்க கிட்டத்தட்ட ரெண்டாளு காசு கட்டணும், அநியாயம்தான் ஆனா எல்லா கம்பெனியும் அப்படித்தான். அதுக்கு மேல போர்ட் சார்ஜ், வரி, தெனப்படி டிப்ஸ். டிப்ஸ்னா நீங்க இஷ்டப்பட்டு குடுக்கறது இல்ல, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்ளோன்னு அவங்களே கணக்குல ஏத்திருவாங்க. பெரிய அமெரிக்க கப்பல்ல இது 18 டாலருக்கு மேல போயிருச்சு, பச்சக் கொழந்தைக்கும் சில கம்பெனில உண்டு. எங்களுக்கு எல்லாம் சேத்துப் பாத்தப்ப மொதல்ல சொன்ன தொகைக்கு மேல மூணுல ஒரு பங்கு கூடிருச்சு. அந்த ஏஜென்ட் இத வாயத் தொறந்து சொல்லவே இல்ல, கடைசி பேமென்ட் அன்னிக்குத்தான் பில்லுல பாத்தேன், அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல நடந்த சண்டைய இங்க எழுத முடியாது. அதனால "எல்லாம் சேத்து கையில இருந்து எவ்ளோ போகும்"னு எழுத்துல வாங்கிட்டு அட்வான்ஸ் குடுங்க.

உள்ள போனப்புறம் காசு போற வழின்னு பாத்தா கூல்டிரிங்ஸ், சரக்கு, ஸ்பெஷல் ஹோட்டல், ஸ்பா, போட்டோ, வைஃபை. கப்பல்ல காசே கையில தொடமாட்டீங்க, ரூம் சாவியா இருக்குற கார்ட தட்டுனா போதும், அதான் ஆபத்தே. பசங்க கார்ட்ல செலவு பண்ற வசதிய மொத நாளே கவுன்டர்ல சொல்லி மூடி வச்சுட்டோம். இன்னொண்ணு, அங்க டெபிட் கார்டு குடுக்காதீங்க, அட்வான்ஸா ஒரு தொகைய பிடிச்சு வைப்பாங்க, அது திரும்பி வர பல நாளாகும், கிரெடிட் கார்டு குடுத்துருங்க.

எந்த ரூம் எடுக்கறது? பால்கனி அவசியமா?

ஜன்னலே இல்லாத உள் ரூம், ஜன்னல் ரூம், பால்கனி ரூம், அதுக்கு மேல சூட். உள் ரூம்னா 150ல இருந்து 180 சதுர அடிதான், லைட்ட அணைச்சா நடு ராத்திரியா நடு மதியமான்னு தெரியாது. நல்லா தூக்கம் வரும், விலையும் கம்மி. எங்க பசங்களுக்கும் எங்களுக்கும் உள் ரூம், அத்தை மாமாவுக்கு பால்கனி. காசு இருந்தா ஒரு ரூமாவது பால்கனி எடுங்க, எல்லாரும் அங்க போயி உக்காந்துக்கலாம்ல. நாலு பேரு ஒரே ரூம்னா மூணாவது நாலாவது கட்டில் மேல இருந்து மடக்கி இறக்குற மாதிரி இருக்கும், ரயில் அப்பர் பெர்த் மாதிரிதான், பெரியவங்கள அதுல ஏத்தாதீங்க.

ரூம் நம்பர நீங்களே தேர்ந்தெடுக்க முடிஞ்சா கப்பலோட பிளான எடுத்து வச்சுக்கிட்டு மேலயும் கீழயும் என்ன இருக்குன்னு பாருங்க. மேலயும் கீழயும் ரூமா இருந்தா நிம்மதி. டான்ஸ் ஹாலுக்கு மேல மாட்டுனா ராத்திரி ஒரு மணி வரைக்கும் கட்டிலோட சேந்து நீங்களும் ஆடணும்.

வாந்தி வருமா? எனக்கு ஊட்டி பஸ்சே ஆகாது.

நடுக் கப்பல், கீழ் மாடி, இதுதான் கம்மியா ஆடுற எடம். சீசா பலகை மாதிரிதான், நடுவுல உக்காந்தவனுக்கு ஆட்டம் தெரியாது, முனையில உக்காந்தவனத்தான் தூக்கி அடிக்கும். பெரிய கப்பலுக்கு தண்ணிக்கடியில ரெண்டு பக்கமும் மீன் துடுப்பு மாதிரி வச்சுருக்காங்க, அது பக்கவாட்டு ஆட்டத்த நல்லா கொறச்சுரும். அதுவுமில்லாம சிங்கப்பூர் பினாங்கு ரூட் மலாக்கா நீரிணை வழியாத்தான் போகுது, ஒரு பக்கம் சுமத்ரா, இன்னொரு பக்கம் மலேசியா, ரெண்டு கரை நடுவுல குளம் மாதிரி கெடக்கும். நம்ம வங்காள விரிகுடா ஐப்பசி கார்த்திகைல ஆடுற ஆட்டம் அங்க இல்ல.

மாத்திரை போடுறதா இருந்தா ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போடணும், வாந்தி எடுத்தப்புறம் போட்டா அதுவும் சேந்து வெளிய வந்துரும். அவோமின் மாதிரி மாத்திரை தூக்கத்த கெளப்பும், சுகர் பிரஷர் உள்ளவங்க டாக்டர கேட்டுக்குங்க. இஞ்சி மொரப்பா ஒரு டப்பா எடுத்துட்டு போனோம், அத நாங்க தின்னதவிட பக்கத்து ரூம் சீனத்துப் பாட்டி தின்னதுதான் ஜாஸ்தி. தலை சுத்துனா ரூமுக்குள்ள படுத்து போன் பாக்காம வெளி டெக்குக்கு வந்து அடிவானத்த பாத்துட்டு நில்லுங்க, பாதி சரியாயிரும்.

நம்ம சாப்பாடு கெடைக்குமா? நாங்க சுத்த சைவம்.

கெடைக்கும். சிங்கப்பூர் கப்பல்ல இந்தியக் கூட்டம் ஜாஸ்திங்கறதால பஃபேல இந்திய கவுன்டர் தனியா வச்சுருப்பாங்க, ஆனா அது வடக்கத்தி சாப்பாடு, பன்னீரு, தால், நான், ஜீரா ரைஸ். மூணாவது வேளையிலயே மாமாவுக்கு முகம் சுருங்கிருச்சு. ஜெயின் சாப்பாடு வேணும்னா புக்கிங்லயே எழுதிருங்க.

இங்க ஒரு கத. ரெண்டாம் நாள் ராத்திரி அத்தை பிளேட்ட வச்சுக்கிட்டு வெள்ளச் சாதத்த மட்டும் கிண்டிட்டு உக்காந்துருந்தாங்க. டேபிள் துடைக்க வந்த பையன் ஒரு நிமிஷம் பாத்துட்டு, "அம்மா, தயிர் வேணுமா?"ன்னு கேட்டான். தூத்துக்குடிப் பையன். காலைல வைக்கிற பிளெயின் யோகர்ட் ரெண்டு கப்பு, உப்பு, எங்கிருந்தோ ஒரு பச்ச மொளகா நறுக்கி கொண்டாந்து குடுத்தான். அத்தை கையாலயே பெசஞ்சு சாப்ட்டாங்க, சுத்தி உக்காந்துருந்தவங்க ஸ்பூனோட பாத்துட்டு இருந்தாங்க, அத்தை கண்டுக்கவே இல்ல. அப்புறம் மிச்ச நாளெல்லாம் அவன் எந்த சைடுல டூட்டின்னு கேட்டுக்கிட்டு அந்த சைடுலதான் உக்காருவாங்க. ஆறு மாசமா வீட்டுக்கு போகலையாம். அவனுக்கு தனியா கையில டிப்ஸ் குடுத்தோம், கணக்குல ஏத்துற டிப்ஸ் வேற இது வேற.

வீட்டுல சமைச்சத கொண்டு போக விடமாட்டாங்க. சீல் பிரிக்காத பாக்கெட் முறுக்கு, பருப்புப்பொடி, ஊறுகா எங்களுக்கு விட்டாங்க, ஆனா அத துறைமுகத்துல இறங்குறப்ப கரைக்கு எடுத்துட்டு போகாதீங்க. ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ், மெழுகுவத்தி, ஊதுவத்தி, சூடம் எதுவும் ஆகாது. கப்பல்ல தீதான் பெரிய பயம். அத்தையோட சூடம் டப்பா செக்கிங்லயே போயிருச்சு.

சாப்பாட்டு ஹால் வாசல்ல கை கழுவுற எடம் இருந்தா சோப்பு போட்டு கழுவிட்டே போங்க. கப்பல்ல பரவுற நோரோ வைரஸ் வயித்துப்போக்குக்கு சானிட்டைசர் அவ்வளவா கேக்காது, சோப்புதான்.

எந்த டெர்மினல்? எத்தன மணிக்கு போகணும்?

சிங்கப்பூர்ல ரெண்டு எடம். மரீனா பே குரூஸ் சென்டர் ஒண்ணு, ஹார்பர்ஃபிரன்ட் விவோசிட்டி மால் பக்கத்துல சிங்கப்பூர் குரூஸ் சென்டர் இன்னொண்ணு. டாக்சில ஏறி வெறுமன குரூஸ் சென்டர்னு சொன்னா எங்க வேணா போகும். டிக்கெட்ல இருக்கற பேர காட்டுங்க.

தயவு செஞ்சு அன்னிக்கு காலையில இறங்குற பிளைட் போடாதீங்க. திருச்சியில இருந்து நாலு மணி நேரத்துக்கு மேல, அதோட அவங்க கடிகாரம் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது. பிளைட் லேட்டானா கப்பல் நிக்காது, கிளம்புறதுக்கு ஒண்ணு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே செக்கின்ன மூடிருவாங்க. ஒரு நாள் முன்னாடி போயி லிட்டில் இந்தியால ரூம் போட்டு, செராங்கூன் ரோட்டுல தோச சாப்ட்டு தூங்கி எழுந்து போங்க.

பெரிய பெட்டிய டெர்மினல்லயே வாங்கிக்குவாங்க, அது ரூம் வாசலுக்கு வர சாயங்காலம் ஆயிரும். மாத்திரை, பாஸ்போர்ட், சார்ஜர், பசங்க நீச்சல் டிரெஸ் எல்லாம் கைப்பையில. குளத்துல நைலான் நீச்சல் டிரெஸ்தான், டிரவுசர் பனியனோட இறங்குன மாமாவ விசிலடிச்சு ஏத்திட்டாங்க.

ஏறுன ஒடனே ஏதோ டிரில்லுன்னு கூப்புடுறாங்களாமே, போகணுமா?

போங்க. 2012 ஜனவரி 13 ராத்திரி இத்தாலில கோஸ்டா கான்கார்டியான்னு ஒரு கப்பல் பாறையில மோதி கவுந்துச்சு, 32 பேரு செத்துப் போனாங்க. அப்பல்லாம் ஏறி 24 மணி நேரத்துக்குள்ள டிரில் நடத்துனா போதும்னு ரூல், அன்னிக்கு சாயங்காலம் ஏறுன பல பேருக்கு எந்தப் பக்கம் ஓடணும்னே தெரியல. அதுக்கப்புறம்தான் கிளம்பறதுக்கு முன்னாடியே, இல்ல கிளம்புன கையோட நடத்தணும்னு மாத்துனாங்க. ஏழு சின்ன சத்தம், ஒரு நீள சத்தம், அத கேட்டா கார்டுல போட்டுருக்கற எடத்துக்கு போகணும், அவ்ளோதான். அத்தை டிரில் நடத்துன பையன்கிட்ட லைஃப் ஜாக்கெட்ட எப்படி கட்டுறதுன்னு மூணு தடவ கேட்டு, சேலைக்கு மேல கட்டிப் பாத்து, அப்புறம்தான் மூஞ்சி தெளிஞ்சுச்சு. ஏற வச்சது பேரனுங்க, பயம் போக வச்சது இந்த டிரில்லு.

ஊர்ல இறங்குனா கப்பல் டூர் வாங்கணுமா, நாமளே சுத்தலாமா?

பினாங்குல சத்தியமா தேவையில்ல. ஸ்வெட்டன்ஹாம் பியர்ல இறங்கி வெளிய வந்தா எதிர்ல பழைய மணிக்கூண்டு, அங்கருந்து நடந்தே லிட்டில் இந்தியா போயிரலாம். குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில் 1833ல இருந்து இருக்கு. நாங்க போனப்ப நடை சாத்தி இருந்துச்சு, வாசல்லயே நின்னு கும்புட்டுட்டு, நாசி கண்டார் கடைய தேடி போனோம். கண்டார்னா காவடி மாதிரி தோள்ல தூக்குற கம்பு, நம்ம தமிழ் முஸ்லிம் ஆளுங்க சோத்தையும் கொழம்பையும் அப்படி தூக்கிட்டு வந்து துறைமுகத்துல வித்ததுதான் இன்னிக்கு அந்த ஊர் அடையாளம். எல்லா கொழம்பையும் ஒண்ணு மேல ஒண்ணு ஊத்துவாங்க, மாமா வேற வழியில்லாம முட்டைகோஸ் பொரியலும் அப்பளமும் சாப்ட்டாரு.

புக்கெட் அப்படி இல்ல. எங்க கப்பல் படோங் கடற்கரைக்கு வெளிய நங்கூரம் போட்டுருச்சு, சின்ன போட்ல கரைக்கு கூட்டிட்டு போறாங்க, அதுக்கு டோக்கன், கியூ. போட் ஆடுறப்ப கால மாத்தி வைக்கணும், மூட்டு வலிக்காரங்க யோசிச்சுக்குங்க, மாமா ரூம்லயே இருந்துட்டாரு. தீவு மாதிரி தூரமா போறதா இருந்தா மட்டும் கப்பல் டூர் வாங்குங்க, அவங்க டூர்ல லேட்டானா கப்பல் காத்திருக்கும், நீங்களே புடிச்ச டாக்சில லேட்டானா காத்திருக்காது. பாஸ்போர்ட் கையில இருந்தா அடுத்த ஊருக்கு சொந்த செலவுல பிளைட் புடிச்சு போக வேண்டியதுதான்.

நேரம் பாக்குறப்பவும் கவனம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரவிட ஒரு மணி நேரம் பின்னாடி. போன் தானா கரை நேரத்துக்கு மாறிரும், கப்பல் மாறாம சிங்கப்பூர் நேரத்துலயே ஓடுச்சுன்னா போன் நாலுன்னு காட்றப்ப கப்பல்ல அஞ்சு. கையில சாதா கடிகாரம் கட்டிக்குங்க.

போன், நெட்டு?

ஏறுன ஒடனே ஏரோபிளேன் மோடு. கடல் நடுவுல கப்பலோட டவர்ல போன் தானா ஒட்டிக்கிட்டா ரோமிங் பில்லு பயங்கரமா வரும், நாட்டு ரோமிங் பேக் அதுக்கு செல்லாது. நாங்க ஒரே ஒரு டிவைசுக்கு வைஃபை வாங்கி மாத்தி மாத்தி போட்டுக்கிட்டோம்.

உடம்புக்கு முடியலன்னா?

டாக்டர் இருக்காரு, ஆனா பில்லு டாலர்ல. டிராவல் இன்சூரன்ஸ்ல கப்பல் பயணம் சேந்துருக்கான்னு பாத்து எடுங்க. 24 வாரம் ஆன கர்ப்பிணிங்கள பொதுவா ஏத்த மாட்டாங்க, ஆறு மாசத்துக்கு கம்மியான கொழந்தையும் அப்படித்தான்.

கடைசி நாள் என்ன பண்ணணும்?

இறங்குறதுக்கு மொத நாள் ராத்திரியே பெட்டிய வாசல்ல வைக்கச் சொல்லுவாங்க. மறுநாள் போடுற டிரெஸ்ஸ வெளிய எடுத்து வச்சுட்டு வைங்க, எங்க பெரியவன் நைட் பேன்ட்லயே சிங்கப்பூர்ல இறங்குனான். ராத்திரியே பில்ல டிவிலயோ கவுன்டர்லயோ பாத்துருங்க, காலையில கியூ எங்கயோ நிக்கும். எங்க பில்லுல குடிக்காத ரெண்டு பீர் இருந்துச்சு, சொன்னவொடனே எடுத்துட்டாங்க.

அன்னிக்கு காலையில அஞ்சரைக்கு அத்தைய ரூம்ல காணோம்னு மாமா வந்து கதவ தட்டுனாரு. ஓடிப் போயி பாத்தா பால்கனியிலயும் இல்ல, கீழ நடக்குற டெக்குல சேலைக்கு மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு கம்பியப் புடிச்சு நின்னாங்க. தூரத்துல சிங்கப்பூர் லைட்டு, கடல் பூரா நங்கூரம் போட்ட சரக்குக் கப்பல். "மண்ணு தெரியுதா அத்தை?"ன்னு கேட்டேன். "தெரியுது தெரியுது, அதுக்குள்ள வந்துருச்சு"ன்னு சலிச்சுக்கிட்டாங்க.